ஜன்னல் வைக்காத சுவர்

— எழுந்திரிக்காத அண்ணா, இன்னும் பதினேழு நாற்காலி பாக்கி இருக்கு.

— என்னத்த நாற்காலி! பாப்பா, நான் சாப்பாட்டுக் கடை நடத்தறவனா, இல்ல இடம் மாத்தி மாத்தி உக்கார்ற விளையாட்டுக்கு வந்தவனா?

— நாளைக்குக் கடை திறக்கணும்னா இன்னிக்கு முதலாளி ஒவ்வொரு சீட்லயும் ஒரு நிமிஷம் உக்காரணும். கண்ணுல என்ன படுதோ அத என்கிட்ட சொல்லணும். நான் டிசைன் பண்ற எந்தக் கடையா இருந்தாலும் இதுதான் கடைசி வேலை. போன மாசம் பேக்கரி அம்மா, எழுபது வயசு, முட்டி வலியோட நாப்பது சீட்லயும் உக்காந்தாங்க. நீ அவங்களவிட சின்னப் பையன்தான?

— அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல போலிருக்கு.

— சொல்லு. இந்த சீட்ல என்ன தெரியுது?

— என் மூஞ்சி.

— இதுக்கு முந்தின சீட்ல?

— அங்கயும் என் மூஞ்சிதான். ஆறடி அகலத்துக்குக் கண்ணாடிய மாட்டி வெச்சிருக்க. எங்க உக்காந்தாலும் நானே என்னை முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். சாப்பிட வர்றவன் எழுந்து ஓடிடுவான்.

— உன் மூஞ்சிய நீ பாத்தா அப்படித்தான் இருக்கும். அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்களுக்குப் பிடிக்கும். பக்கத்துக் கடையையும் சேத்து இடிச்சும் அகலம் பதினாலடிதான் கிடைச்சுது. கண்ணாடி இருந்தாதான் மூச்சு முட்டாது. சரி, அடுத்த சீட்டு. மேசை ஆடுதா?

— ஆடல.

— விளக்கு கண்ணக் குத்துதா?

— குத்தல. மஞ்ச வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. பழைய ட்யூப் லைட்ல சூப்பு கூட சீக்காளி மாதிரி இருந்துது. அத நான் இல்லேங்கல.

— சுவர் கலரு?

— பாசி பிடிச்ச கிணறு.

— அதுக்குப் பேரு சாம்பல் பச்சை. எத்தனை டப்பா கலந்து எடுத்தேன் தெரியுமா?

— பாப்பா, நீ மேசையச் சொல்ற, விளக்கச் சொல்ற, கலரச் சொல்ற. எல்லாம் பிரமாதம். நான் காலையிலிருந்து கேக்கறது ஒண்ணே ஒண்ணு. என் ஜன்னல் எங்க?

— அடுத்த சீட்டு அண்ணா.

— பேச்ச மாத்தாத. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல இருந்துதே, ரெண்டடி ஜன்னல். அவ தட்ட வெப்பா, நான் எடுப்பேன். நீ ப்ளான் போட்டுக் காட்டினப்ப இந்தச் சுவத்துல ஒரு கட்டம் இருந்துது. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுதான் கையெழுத்து போட்டேன்.

— அந்தக் கட்டம் கண்ணாடி.

— கண்ணாடியா! நான் ஜன்னல்னுல்ல நெனச்சேன்! கடைசியா வெட்டுவாங்க, பூச்சு காயறதுக்குக் காத்திருக்காங்கன்னு ரெண்டு மாசமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். காலையில பாத்தா ரெண்டு பேர் கண்ணாடியத் தூக்கிட்டு வந்து மாட்டறாங்க.

— ப்ளான் பாக்கத் தெரியாட்டி கேக்கணும்.

— தங்கச்சிகிட்ட கேக்கணுமா? நம்பினேன்டி.

— அப்படிச் சொல்லாத அண்ணா.

— வேற எப்படிச் சொல்றது? இருபத்திரண்டு வருஷம் அந்த ஜன்னல் வழியா அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே பொழப்ப ஓட்டினவன் நான். நீ என்னடான்னா என் பொண்டாட்டிய உள்ள வெச்சுப் பூசிட்ட.

— ஏன் இப்படி அபாண்டமாப் பேசற? கதவு இருக்கு. தள்ளினா திறக்குது. உள்ள போய்ப் பாரு, அண்ணி நல்லா ஜோரா அடுப்பத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க.

— முப்பத்திரண்டு சீட்டு நிறைஞ்சிருக்கும்போது எத்தனை தடவை கதவத் தள்ளுவேன்?

— தள்ளவே வேணாம். மேசையிலேயே டேப்லட்ல ஆர்டர தட்டினா, உள்ள மிஷின்ல துண்டுச் சீட்டா வந்து விழும். அண்ணி படிச்சுப் பாத்துப் பண்ணுவாங்க. புதுசா சேத்த ரெண்டு பேரும் தட்ட எடுத்துக்கிட்டு வருவாங்க. நீ கல்லாவுல ராஜா மாதிரி உக்காரலாம். ஜன்னல் இருந்தா புகை வரும், வாசனை வரும், பாத்திரச் சத்தம் வரும். மேல பாரு, சத்தத்த உறிஞ்சற பலகை வெச்சிருக்கேன். கீழ ஒரு ஓட்டையப் போட்டா அதுக்கு அர்த்தமே இல்ல.

— புகை, வாசனை, சத்தம். எங்கயோ மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கற மாதிரி இருக்கு. என் கண்ணப் பாத்து சொல்லு.

— கண்ணப் பாத்துதான் சொல்றேன்.

— நீ கண்ணாடியில என்னைப் பாத்து சொல்ற. சின்ன வயசுல என் சைக்கிள உடைச்சுட்டு இப்படித்தான் சுவத்தப் பாத்துப் பேசின.

— வேணும்னா ஒண்ணு பண்றேன். கல்லாவுல ஒண்ணு, உள்ள ஒண்ணு, பேசற பெட்டி வெச்சுத் தரேன். பட்டன அழுத்தினா அண்ணிகூடப் பேசலாம்.

— குரல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆள் தெரியணும். கேட்டியா? அவளுக்கு நான் தெரியணும், எனக்கு அவ தெரியணும். நான் இப்பவே ஆசாரியக் கூட்டிட்டு வரேன். சாயங்காலத்துக்குள்ள வெட்டச் சொல்றேன்.

— அண்ணா! அந்தச் சுவத்துக்குள்ள வயர் ஓடுது!

— வயரத் தள்ளி ஓடச் சொல்லு. நீதான டிசைனரு!

— அண்ணா, நில்லு! இன்னும் பதினஞ்சு சீட்டு இருக்கு! ... போயிட்டான். வண்டிச் சாவியக்கூட எடுக்காம போறான் பாரு.

— எங்க போறாரு உங்க அண்ணன்? கதவு ஆடற ஆட்டத்தப் பாத்து வெளிய வந்தேன். இந்தா காபி. ஆறிடும், குடி.

— வாங்க அண்ணி, இப்படி எதிர்ல உக்காருங்க. ஆசாரியக் கூட்டிட்டு வரப் போயிருக்கான். சுவத்த வெட்டணுமாம்.

— அதான் தெரிஞ்ச கதையாச்சே. நீ என்ன சொன்ன?

— புகைன்னேன், வாசனைன்னேன், சத்தம்னேன். நம்பல. தங்கச்சிய நம்பினேன்டின்னு ஒரு வார்த்தை சொன்னான் அண்ணி. எனக்கு மண்ணுக்குள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு.

— கொஞ்சம் மெதுவா. பாதி வார்த்தை காபியோட முழுங்கற. எனக்கு உன் வாய் தெரியணும்.

— சாரி அண்ணி. டம்ளர கீழ வெச்சிடறேன்.

— இப்ப சொல்லு.

— என்னால இனிமே பொய் சொல்ல முடியாது. அவன் அந்தக் கட்டத்த ஜன்னல்னு நெனச்சுக்கிட்டுதான் கையெழுத்து போட்டான். எனக்கு அப்பவே தெரியும். நான் வாயத் திறக்கல. நீங்க கேட்டீங்கன்னு பண்ணேன். பதினோரு வருஷத் தொழில்ல எந்தக் கஸ்டமரையும் இப்படி ஏமாத்தினதில்ல. முதல் தடவையா ஏமாத்தினது சொந்த அண்ணன.

— என்னை வேணா திட்டு. ஆனா சொல்லிடாத.

— ஏன் அண்ணி? காது மந்தமாறது ஒரு குத்தமா? டாக்டர் குடுத்த மிஷின போட்டுக்கிட்டா...

— போட்டுப் பாத்தேன். அடுப்படியில அத மாட்டிக்கிட்டு நின்னு பாரு. புகை இழுக்கற ஃபேனு காதுக்குள்ள வந்து உக்காந்துக்குது. எண்ணெய்ல எதையாவது போட்டா மண்டைக்குள்ள பட்டாசு. பேச்சு மட்டும் கேக்காது, மத்ததெல்லாம் கேக்குது. கழட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சுட்டேன். வலது பக்கம் சுத்தமாப் போச்சு. இடது பக்கம் ஏதோ ஓடுது. மிச்சம் உதட்டப் பாத்துதான்.

— அதனாலதான் ஜன்னல் இருந்தா நல்லதுன்னு நானும் சொல்றேன். அண்ணன் முகம் தெரியுமில்ல?

— உங்க அண்ணன் முகம் தெரியும். புதுசா வந்த ரெண்டு பேரு? அவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இந்தப் பக்கம் குரல் குடுப்பாங்க. ஒரு தடவை திரும்பலன்னா வேலையா இருக்கேம்பாங்க. நாலு தடவை திரும்பலன்னா? ஒரே நாள்ல குட்டு உடைஞ்சிடும். சுவர் இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க. துண்டுச் சீட்டு வரும், படிப்பேன், பண்ணுவேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, கைக்கும் இல்ல.

— இத்தன நாள் பழைய கடையில எப்படிச் சமாளிச்சீங்க?

— பதினெட்டு சீட்டுதான? அவரு ஒருத்தர்தான் சொல்லுவாரு. அவரும் முன்ன மாதிரி இல்ல. வயசாகுது. தலைய ஜன்னலுக்குள்ள விட்டு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி சொல்றாரு. நான் தட்ட வெச்சா, அதையே திருப்பி ஒருக்கா சொல்றாரு. ஞாபகம் பிசகுதோ என்னவோன்னு நான்கூட பயந்தேன். என் நல்ல நேரம், அவரு நிதானமாயிட்டாரு. அதனால வண்டி ஓடிச்சு.

— தெரிஞ்சா அண்ணன் என்ன அண்ணி சொல்லிடப் போறான்?

— ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் பயமே. அன்னிக்கு எண்ணெய் கொட்டி கை வெந்துதே, ஞாபகம் இருக்கா? ஒரு மாசம் கடையப் பூட்டிட்டாரு. நான் திரும்பினா தலகாணி, இருமினா தண்ணி. பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தாரு. சோத்த ஊட்டி விடறேன்னு வேற நின்னாரு. வெந்தது இடது கை.

— ஹய்யோ, சிரிக்க வெக்காதீங்க.

— சிரி, சிரி. எனக்கு அழுகை வந்துச்சு. அந்த மனுஷனுக்கு இது தெரிஞ்சா என்னை அடுப்புகிட்ட விடுவாரா? பின்னாடி யாராவது கொதிக்கற பாத்திரத்தோட வந்தா உனக்குக் கேக்காதேம்பாரு. வேற சமையல்காரர வெப்பாரு, இல்ல கடையவே மூடுவாரு. என்னை வீட்ல உக்கார வெச்சு, தானும் பக்கத்துல உக்காந்துக்குவாரு. அன்பாலேயே மூச்ச முட்ட வெச்சிடுவாரு. எனக்கு அடுப்படி வேணும். அங்க நின்னாதான் நான் நானா இருக்கேன். அதுக்காகத்தான் உன் கையப் பிடிச்சுக் கேட்டேன்.

— உங்களுக்கு அந்த ஜன்னல் போனதுல வருத்தமே இல்லையா அண்ணி?

— இல்லாம இருக்குமா? மத்தியானக் கூட்டத்துல வேர்த்து வழிஞ்சு நிமிரும்போது, அந்தக் கட்டத்துக்குள்ள அந்த மூஞ்சி வந்து நிக்கும். சட்டைக் காலரெல்லாம் மடங்கி, காதுல ஒரு பேனா சொருகிக்கிட்டு. அதப் பாத்தா ஒரு தெம்பு. நீ வெச்ச கண்ணாடி எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்தப் பக்கத்துக்குத்தான. என் பக்கம் வெறும் டைல்ஸ். காலையில ரெண்டு தடவை நிமிந்து டைல்ஸப் பாத்துட்டுக் குனிஞ்சேன்.

— இது என்ன அண்ணி கொடுமை. ரெண்டு பேருக்கும் வேணும். ரெண்டு பேருக்கும் இல்ல. நான் நடுவுல நின்னு சுவர் கட்டிட்டு இருக்கேன்.

— அவரு வந்துட்டாரு. வாசல்ல நிழல் ஆடுது. கண்ணத் துடை. நான் உள்ள போறேன்.

— என்ன பாப்பா, காபி குடிச்சு சதித் திட்டமா? ஆசாரி நாலு மணிக்கு வரேன்னுட்டாரு. சுவர் வெட்ட கொத்தனாரையும் கூட்டிட்டு வராரு. அதுவரைக்கும் நான் சும்மா இருக்கப் போறதில்ல. சாக்பீஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தப் பக்கம் ஒரு கை பிடி, கண்ணாடிய இறக்குவோம்.

— கண்ணாடி உடைஞ்சா மறுபடி செய்ய பத்து நாள் ஆகும்.

— அதான் பிடிங்கறேன். ம். மெல்ல. சாய்ச்சு வை. ... இப்ப பாரு, எவ்வளவு பளிச்னு இருக்கு சுவர். நான் போடறேன் பாரு ஒரு கட்டம். உன் கட்டம் மாதிரி ஏமாத்துக் கட்டம் இல்ல, நிஜக் கட்டம். இங்கிருந்து... இதோ... இது வரைக்கும்.

— என்ன அண்ணா இது, கல்யாண மண்டபத்து வாசலா? தட்டு வெக்க ஒன்றரை அடி உயரம் போதும்.

— தட்டுக்குப் போதும். எனக்குப் போதாது. நான் குனிஞ்சு தலைய உள்ள விட்டுப் பேசணும்னு இல்லாம, நிமிந்து நின்னாலும் இடுப்பிலிருந்து உச்சி வரைக்கும் தெரியணும். புதுசா வர்ற ரெண்டு பேருல ஒருத்தன் நெட்டை. அவன் மூஞ்சியும் முழுசாத் தெரியணும். இங்க ஒரு கோடு போடறேன், தரையில. இந்தக் கோட்டுல வந்து நின்னு, உள்ள பாத்து, அவ நிமிந்தப்புறம்தான் ஆர்டர் சொல்லணும். ரெண்டு பேருக்கும் காலையிலேயே சொல்லிட்டேன்.

— யாரைக் கேட்டு?

— என்னைக் கேட்டு. அப்புறம் ஒரு விளக்கு. சட்டத்துக்கு மேல, இந்தப் பக்கம்.

— விளக்க உள்பக்கம், தட்டுக்கு மேல தொங்கவிடுவாங்க அண்ணா. சாப்பாட்டு மேல வெளிச்சம் விழணும். இந்தப் பக்கம் போட்டா உன் மூஞ்சி மேலதான் அடிக்கும். கண்ணு கூசும்.

— கூசட்டும்.

— இத்தன வருஷத்துல எந்த முதலாளியும் தன் மூஞ்சிக்கு விளக்குக் கேட்டதில்ல.

— எந்த முதலாளிக்கும் என் மூஞ்சி கிடையாது. இதோ வராங்க மகராசி. வா, வா.

— சுவத்துல என்னங்க கிறுக்கி வெச்சிருக்கீங்க?

— அண்ணா, நீ ஏன் இப்ப அங்கிருந்து நகந்து மஞ்ச விளக்குக்குக் கீழ வந்து நிக்கற?

— பழக்கம். நீ கம்முனு இரு பாப்பா. மகராசி, இது நம்ம ஜன்னல். நாலு மணிக்கு வெட்டறோம். ராத்திரிக்குள்ள சட்டம் போட்டு, காலையில பழையபடி நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

— வேணாங்க.

— ஏன்?

— புகை வரும். வாசனை... சத்தம்...

— நீயும் அதே பாட்டா? ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சீங்களா?

— அண்ணி, சொல்லிடுங்க. நாலு மணிக்கு ஆசாரி வந்துடுவாரு. இல்லாட்டி நான் சொல்லிடுவேன்.

— நீ சும்மா இரு கண்ணு. ... இந்தாங்க. பாப்பா மேல கோவப்படாதீங்க. சுவர் வேணும்னு கேட்டது அவ இல்ல, நான்தான். அவ பண்ண மாட்டேன்னுதான் சொன்னா. நான் அழுதேன், அப்புறம் ஒத்துக்கிட்டா.

— எதுக்கு அழுத?

— எனக்குக் காது கேக்கலங்க. ஒரு பக்கம் போச்சு, இன்னொரு பக்கமும் போயிக்கிட்டிருக்கு. போன வருஷம் டாக்டர்கிட்ட காட்டினேன். இனிமே திரும்ப வராதுன்னுட்டாரு. நீங்க பேசறதெல்லாம் நான் உதட்டப் பாத்துதான் தெரிஞ்சுக்கறேன். உங்ககிட்ட மறைச்சது தப்புதான். சொன்னா கடைய மூடிட்டு என்னை வீட்ல உக்கார வெச்சிடுவீங்கன்னு பயந்தேன். என்னை அடுப்படியிலிருந்து மட்டும் எடுத்துடாதீங்க. வேற என்ன சொன்னாலும் கேக்கறேன்.

— அண்ணா. அண்ணி மேல கோவப்படாத.

— கோவமா? மகராசி, என்னைப் பாரு. இன்னும் கொஞ்சம் கிட்ட வா. உன்ன யாரும் அங்கிருந்து எடுக்கப் போறதில்ல. கடைய மூடறவனா இருந்தா பக்கத்துக் கடையச் சேத்து இடிப்பேனா? இந்த விளக்கு எதுக்கு, இந்தக் கோடு எதுக்கு, அந்த நெட்டையன மூணு நாளா நிக்க வெச்சு வாயத் திறந்து பேசப் பழக்கினேனே, அது எதுக்கு?

— உங்களுக்கு... தெரியுமா? எப்போலேர்ந்துங்க?

— நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், இருபது வயசிலேர்ந்து வெச்சிருந்த மீசைய மழிச்சுட்டு வந்து உன் முன்னாடி நின்னேனே, அழகுக்குன்னா நெனச்ச?